முதலில் அந்தப் படத்தை எடுங்கள்

சூளகிரி, குருபரப்பள்ளி, ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கைபேசியில் ஸ்டேட்டஸாக வைத்திருக்கும் ஹிட்லர் படத்தை எடுத்துவிடுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எடுத்துவிட்டு வந்து படியுங்கள்.

அந்த மீசையும் விறைத்த கையும் உங்களுக்குக் ‘கெத்து’ என்று படுகிறது. படத்தின் கீழே ஒரு தன்னம்பிக்கை வாசகம் இருக்கும். அதை அவன்தான் சொன்னானா என்று யாரும் பார்த்ததில்லை. கண்டிப்பான சூப்பர்வைசருக்கு ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர், வீட்டில் அப்பாவுக்கும் அதே பெயர். நடைபாதைக் கடைகளில் பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களுக்கு நடுவே அவன் எழுதிய புத்தகமும் விற்கிறது. வாங்குகிறவர்கள் படிக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். படித்திருந்தால், இந்தியா வேறு யார் கையில் இருப்பதையும்விட ஆங்கிலேயர் கையில் இருப்பதே தனக்கு விருப்பம் என்று அவன் அதில் எழுதி வைத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். நேதாஜி அவனைச் சந்தித்தார் என்பதைச் சொல்லி அவனை நம்மவனாக்கிக்கொள்ளும் தம்பிகள் அந்தப் பக்கத்தை மட்டுமாவது புரட்டுங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போன மக்களின் வழிவந்த ரோமாக்களையும் அவன் ஆட்சி லட்சக்கணக்கில் கொன்றது. அவன் கணக்கில் நீங்கள் எந்த வரிசையில் நின்றிருப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் பேர். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தோடு சேர்த்து இதைப் படித்திருப்பீர்கள், தேர்வோடு மறந்தும் இருப்பீர்கள். மறந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வெறியனின் கதையாகச் சொன்னால் அது நமக்குச் சம்பந்தமில்லாத கதையாகத்தான் தெரியும். உங்களுக்கு இது வேறு இடத்திலிருந்து சொல்லப்பட வேண்டும். நீங்கள் தொழிற்சாலைக்காரர்கள், அதனால் ஒரு தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் எர்ஃபுர்ட் என்ற ஊர். அங்கே 1878-ல் தொடங்கிய டோஃப் என்ற குடும்ப நிறுவனம். பீர் ஆலைகளுக்கான சாதனங்களும் கொதிகலன் உலைகளும் செய்கிற இடம். டிசைன் பிரிவு, ஃபிட்டர்கள், ஃபோர்மேன், அலுவலகம் எல்லாம் உங்கள் கம்பெனி மாதிரியேதான். நகராட்சி மயானங்களுக்கு எரியுலை செய்துகொடுப்பது அவர்களுடைய சின்ன உபதொழில். அந்த வழியில்தான் வதைமுகாம்களிலிருந்து ஆர்டர் வந்தது, முதலில் புகன்வால்டுக்கு, பிறகு ஆஷ்விட்ஸுக்கு. குர்ட் ப்ரூஃபர் என்ற பொறியாளர் முகாமுக்கு நேரில் போய் அளவெடுத்து, ஒரே நேரத்தில் பல உடல்களை எரிக்கும் உலைகளை வடிவமைத்தார். ஃபிட்டர்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பொருத்தினார்கள். நச்சுவாயு அறைகளுக்கான காற்றோட்டக் கருவிகளும் இதே நிறுவனத்திலிருந்தே போயின. 1942-ல் ஃப்ரிட்ஸ் சாண்டர் என்ற இன்னொரு பொறியாளர், நிற்காமல் இயங்கி உடல்களை எரிக்கும் உலை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காப்புரிமை கேட்டார், தம்பிகளே! யாரும் அவர் தலையில் துப்பாக்கி வைத்து அதைக் கேட்கச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் விற்பனையில் முகாம் வேலையின் பங்கு சுமார் இரண்டு சதவீதம்தான். விட்டிருந்தால் கம்பெனி மூழ்கிப்போயிருக்காது. டிராயிங் சரியாக வந்திருக்கிறதா, டெலிவரி தேதி தப்பவில்லையா, பக்கத்து மேசைக்காரன் என்னைவிட நல்ல யோசனை சொல்லிவிட்டானா, இவைதான் அந்த அலுவலகத்தின் கவலைகள்.

ரயில்வேயையும் பாருங்கள். முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு ஜெர்மன் ரயில்வே மூன்றாம் வகுப்புக் கட்டணம் வசூலித்தது. பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட். நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. போகிற டிக்கெட் மட்டும்தான், திரும்பி வருகிற டிக்கெட் கிடையாது. இந்தக் கணக்கைப் போட்ட எழுத்தர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார்.

ஆஷ்விட்ஸை ஒட்டியே மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் செயற்கை ரப்பர் ஆலை கட்டிக்கொண்டிருந்தது. கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். திறன் தெரிந்த ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு மார்க், மற்றவருக்கு மூன்று மார்க் என்று நிறுவனம் முகாமை நடத்திய எஸ்.எஸ். படைக்குக் கட்டியது, வேலை செய்தவனுக்குக் காசு கிடையாது. இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியல் பட்டதாரி பிரைமோ லெவி 1944 பிப்ரவரியில் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 24. உங்களில் பலருக்கு இப்போது அந்த வயதுதான். கையில் 174517 என்று பச்சை குத்தினார்கள். ஆலையின் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பதற்காக அவருக்கு ஒரு வேதியியல் தேர்வும் வைத்தார்கள். பட்டினியில் எலும்பாகிப்போன ஒருவன் சுத்தமான மேசைக்கு முன்னால் நின்று, படித்த பாடத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பதில் சொன்னான். தேறினான். அதுவும் சேர்ந்து அவன் உயிரைக் காப்பாற்றியது. அவர் பின்னால் எழுதிய புத்தகங்கள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

இதைப் படித்ததும் உங்கள் கான்ட்ராக்ட் வேலையை ஆஷ்விட்ஸோடு ஒப்பிட்டு மீம்ஸ் போடாதீர்கள். கூலி குறைந்தால் சங்கம் இருக்கிறது, தொழிலாளர் நலத் துறை இருக்கிறது, வேறு கம்பெனிக்கும் போகலாம். நான் கைதியின் இடத்தில் உங்களை வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ப்ரூஃபரின் மேசையில் உட்கார்ந்து பாருங்கள். அதுதான் கஷ்டம். நல்ல வேலைக்காரன், நேரத்துக்கு வருபவன், டிராயிங் சுத்தமாகப் போடுபவன் என்று பெயர் வாங்கியவன் அவன். அவ்வளவையும் வைத்துக்கொண்டு, ‘இது எதற்கு, யாருக்கு’ என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டான்.

அந்த டோஃப் வளாகம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2001-ல் அதற்குள் புகுந்து குடியேறிய இளைஞர்கள்தான் அங்கே நடந்ததை ஊராரிடம் பேசத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். 2009-ல் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. 2011 ஜனவரி 27 அன்று பழைய அலுவலகக் கட்டடத்தில் நினைவகம் திறக்கப்பட்டது. கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்கென 2000-ல் ஜெர்மன் அரசும் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தன. 2007-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அறுபது ஆண்டு தாமதம்தான், ஆனாலும் கணக்கு எடுத்தார்கள்.

இதெல்லாம் ஐரோப்பாவில் நடந்தது, சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டு ஏற்றுகிற லாரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரில் தொடர்பு இருக்கிறது. 1933 ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்ததும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்தவர்களில் ஒருவர் மாக்ஸ் பார்ன், குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். திருச்சிக்காரரான நம் சி.வி. ராமன் அப்போது இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். பார்னை அழைத்தார். 1935 இறுதியிலிருந்து 1936 வசந்தம் வரை பார்ன் மனைவியோடு பெங்களூரில் இருந்தார். நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றார். அதற்கான பேராசிரியர்கள் கூட்டத்தில், கழகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டால் துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆள் நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். பார்ன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பின்னால் எழுதினார். பதவி கிடைக்கவில்லை, எடின்பரோவுக்குப் போனார். 1954-ல் நோபல் பரிசு வாங்கினார். ராமனுக்கு எதிராக அடுக்கப்பட்ட புகார்களில் இந்த விவகாரமும் ஒன்று. 1937-ல் அவருடைய இயக்குநர் பதவி போனது. அகதிக்காகத் தன் நாற்காலியை ஆட்டிவிட்டுக்கொண்ட ஒரு தமிழர் என்று ராமனை நாம் எந்தப் பாடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஒளிச்சிதறல் மட்டும் போதும் என்று நிறுத்திவிட்டோம்.

பார்னின் உடன்பிறந்தாள் மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர். அவரையும் வேலையிலிருந்து துரத்தினார்கள். எகிப்து வழியாக அலைந்து 1939-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து தலைமைக் கட்டடக் கலைஞரானார். அதே அறிவியல் கழகத்தில் அவர் வடிவமைத்த கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 1948-ல் புவனேஸ்வரம் நகருக்குத் திட்டம் வரைந்தார். பிரிவினை அகதிகளுக்காக எழுந்த ஃபரிதாபாத் திட்டத்திலும் வேலை செய்தார். சூளகிரி லைனில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பையனின் தலைநகரத்துத் தெருக்களை வரைந்தது ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஒரு யூதர். அவனிடம் சொல்லுங்கள், அவனுக்கும் தெரிந்திருக்காது. உங்கள் தாத்தா காலையில் வானொலியைத் திருப்பியதும் கேட்ட ஆகாசவாணியின் அடையாள இசையை அமைத்ததாகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மனும் அப்படி 1934-ல் பம்பாய்க்கு வந்தவர்தான்.

இன்னும் பழைய கடன் ஒன்று இருக்கிறது. 1913 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய பெரும் நடைபயணத்தில் நேட்டால் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர்கள் மிகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டுவதே அங்கே குற்றம். அவர்களுக்காகச் சிறை போன வெள்ளைக்காரர்கள் இருவர், ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலக். இருவரும் யூதர்கள். காலன்பாக் ஒரு கட்டடக் கலைஞர். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே தன் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. போலக் 1909-ல் சென்னைக்கே வந்து, ஜி.ஏ. நடேசன் துணையோடு கூலித் தமிழர்களின் நிலையை எடுத்துச் சொன்னார். அந்தப் போராட்டத்தில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மையை நாம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதே போராட்டத்துக்காகச் சிறை போன மற்றவர்களையும் சேர்த்து வைத்திருக்க வேண்டாமா?

இப்போது உங்கள் மறுப்புக்கு வருகிறேன். ‘காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள், இந்த நேரத்தில் யூதர்களுக்காக நினைவுகூரச் சொல்கிறீர்களா?’ காஸா குழந்தைகளுக்காகக் கொதிப்பது சரி. கொதிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் இஸ்ரேல் என்ற நாடு உருவானது 1948-ல். 1942 ஜூலையில், போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர் தன் அநாதை இல்லத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போட்டார். நம் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. சாகப்போகும் ஒரு சிறுவனைப் பற்றிய நாடகம் அது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகள் சுமார் 200 பேரும் அவரும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். தான் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எந்த அரசின் எந்தக் குண்டுக்கும் பொறுப்பாளிகள் இல்லை. இன்றைய அரசு ஒன்றின் மேல் இருக்கும் கோபத்தை அன்றைய குழந்தைகளின் மேல் இறக்குவது அறமாகாது. அன்றைய பிணங்களைக் காட்டி இன்றைய அரசுக்கு விலக்குக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு மறுப்பு உண்டு, அது எனக்குள்ளேயே உண்டு. ‘எங்களுக்காக யார் அழுதார்கள்?’ 1942-43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு. நம் ஆட்களில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதிய கல் இருக்கிறது? முள்ளிவாய்க்காலில் காணாமல்போனவர்களின் பட்டியல் இன்னும் முடியவில்லை. இந்த வலி உண்மையானது. வலி இருப்பதால்தான் யூதர்களிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். பெயர் பெயராகத் தேடிச் சேர்த்த மக்கள் அவர்கள். அதே முறையில் ஜெர்மனியின் தெருக்களில், இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று பித்தளை முகப்பிட்ட சிறு கற்களைப் பதிக்கும் வேலையை குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கினார். 2023-ல் ஐரோப்பா முழுவதும் சேர்த்துக் கற்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ஒருவருடைய துயரத்தைச் சிறிதாக்கி நம் துயரத்தைப் பெரிதாக்க முடியாது. முறையைக் கற்றுக்கொண்டால், மலாயாத் தோட்டத்துப் பதிவேடுகளிலிருந்து நம் பெயர்களை நாமே எடுக்கலாம்.

அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது உங்கள் வாயில் இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து உங்களோடு ஷிப்ட் பார்க்கிறவர்களை ‘வடக்கன்’ என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பெயர் கேளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘சும்மா ஜாலிக்கு’ என்பீர்கள். இது எல்லைக்கோட்டு ஊர், இந்த ஜாலியின் மறுபக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரியைச் சொல்லி பெங்களூரில் தமிழர்களை அடித்தபோது குடும்பம் குடும்பமாக இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று டி.என். என்று தொடங்கும் நம்பர் பலகையே குற்றமாகிப்போனது. பேருந்துகள் எரிந்தன. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு ஜனங்கள் நடந்து வந்தார்கள். 2023 மார்ச்சில் அதே பயத்தை பீகார்த் தொழிலாளிகள் தமிழ்நாட்டில் அனுபவித்தார்கள், யாரோ பரப்பிய பொய் வீடியோக்களால். அந்த வீடியோவை ஃபார்வர்டு பண்ணியவர்களில் உங்களைப் போன்றவர்களும் இருந்திருக்கலாம். நாஜிக் கொலைகளுக்கும் இதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ப்ரூஃபரின் மேசைக்கு அந்த ஆர்டர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பக்கத்து வீட்டு யூதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அந்த ஊர் விட்டுவிட்டிருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இன அழிப்பு’ என்று தலைப்பிட்டுப் பேச்சுப்போட்டி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கோடுபோட்ட கைதிச் சட்டை மாட்டி மேடை ஏற்றாதீர்கள். அது மாறுவேடப் போட்டியாகத்தான் முடியும். தாகூரின் நாடகத்தைப் போடுங்கள், வார்சாவில் அதை யார் நடித்தார்கள் என்பதை முடிவில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கல்விச் சுற்றுலாவுக்குக் கொச்சி போகிறீர்கள் என்றால், மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஜெபாலயத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு நம் வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. அதில் எத்தனை சொற்கள் தங்களுக்குப் பிடிபடுகின்றன என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் பாட் அரோல்சன் என்ற சிற்றூரில் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மூன்று கோடி ஆவணங்கள், ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் பேரைப் பற்றியவை. முகாம் அட்டைகள், வேலைப் புத்தகங்கள், ரயில் பட்டியல்கள். அவற்றைத் தேடக்கூடிய வடிவில் தட்டச்சு செய்ய உலகெங்கும் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள், 2020-லிருந்து. ‘ஒவ்வொரு பெயரும் முக்கியம்’ என்பதே திட்டத்தின் பெயர். பணம் இல்லை, கட்டணமும் இல்லை, விசா வேண்டாம். போலந்துப் பள்ளிப் பிள்ளையும் அமெரிக்கக் கல்லூரி மாணவரும் செய்கிற அதே வேலையை ஹாஸ்டல் அறையிலிருந்து நீங்களும் செய்யலாம்.

ஐ.நா. அறிவித்த நினைவு நாள் ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள். நமக்குக் குடியரசு நாள் விடுமுறைக்கு மறுநாள். 26 அன்று கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லேப்டாப் இருந்தால் நல்லது. கைபேசியின் சின்னத் திரையில் பழைய கையெழுத்தைப் படிப்பது சிரமம். இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் அட்டையில் இருக்கும் குடும்பப்பெயர், பெயர், பிறந்த தேதி, ஊர் என்று எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும், இன்னொருவர் அடிக்கட்டும். ஒடிசாப் பையனும் நீங்களுமாக உட்கார்ந்தால் இன்னும் நல்லது, இருவருக்குமே அந்தப் பெயர்கள் புதியவை, யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. சில அட்டைகளில் தொழில் என்ற இடத்தில் ஃபிட்டர், தையல்காரர், மாணவர் என்று வரும். புரியாத எழுத்தை ஊகித்து அடிக்காதீர்கள். ஒரே அட்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் போகிறது, வேறுபாடு வந்தால் காப்பகத்தார் பார்த்துக்கொள்வார்கள்.